அப்பாவின் குரலுக்குப் பூட்டு

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு காளிதாஸுக்குக் குரல் இல்லை. அவர் தட்டுவதைக் கம்ப்யூட்டர்தான் பேசும். பேசவைக்கும் அந்த புரோகிராமை, வைரஸாக இருக்கலாம் என்று சொல்லி ஆன்டிவைரஸ் இன்று காலை பூட்டிவிட்டது. திறந்துவிட மகள் சுதர்சினிக்குப் பயம். வேலைக்குப் போகும் அவிசாவளை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தூங்கும் அப்பாவின் தலைமாட்டில் எழுதி வைத்தாள்:

"அப்பா, கம்ப்யூட்டர் இன்னைக்குப் பேசாது, அந்த புரோகிராம ஆன்டிவைரஸ் பூட்டிருச்சு. எதையும் அழுத்தாதீங்க. ரெண்டு வருஷமா நம்பிப் பாவிச்சதுதான், ஆனா இப்ப நெசமாவே வைரஸான்னு எனக்குத் தெரியல. புரோகிராம் செஞ்ச கம்பெனிக்கு எழுதிட்டேன், பதில் வரல. கஞ்சி பிளாஸ்க்குல இருக்கு. கிளினிக் நர்ஸ் மிஸ் வந்தா வலிக்கிற எடத்தக் கையால காட்டுங்க."

மடித்த தாளைப் பிரித்து, அடியில் நுணுக்கி எழுதினாள்:

"நேத்து 'கொஞ்சம் பேசாம இருங்க'ன்னு கத்திட்டேன். அதுக்காக நான்தான் கம்ப்யூட்டர் பேசுறத நிப்பாட்டிட்டேன்னு நெனைச்சிடாதீங்கப்பா."