முட்டையை எரித்ததற்குக் காரணம் எழுதச் சொல்கிறார்கள்

பட்டுப்பூச்சியை நசுக்கினால் வரும் அந்தப் புளித்த நெடி இன்று என் சட்டையோடு வீட்டுக்கே வந்துவிட்டது. வாசலிலேயே என் சம்சாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். குளிக்கப் போகாமல் உமக்கு எழுத உட்கார்ந்தேன். நீர் கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது. பதில் போட முடியாத ஆளோடு சண்டை பிடிப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

மைசூர் பட்டுமுட்டைக் கூடத்தில் நமக்கு ஒரே மேஜை. முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை நசுக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நோய் தெரிந்தால் அவள் முட்டைகளை எரிக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் நோய்க்கிருமியும் பொடி அரிசி மாதிரி, பூச்சியின் கொழுப்பும் பொடி அரிசி மாதிரி! நான் முழிப்பேன். நீர் ஒரு நொடி குனிந்து "கெட்டது" என்பீர்.

"எதை வைத்துச் சொல்கிறீர்?"

"பளபளப்பு வேற ஓய்."

"எல்லாம்தான் பளபளக்கிறது!"

"இன்னும் நூறு பாரும்."

நூறு பார்த்துவிட்டு வந்தால் மறுபடி நூறு. நீர் குத்துமதிப்பாக அடித்துவிடுகிறீர் என்றே நினைத்தேன். உம்மை மாட்டிவைக்க, நீர் பார்த்த கண்ணாடியையே நம்பரை மாற்றி உம் தட்டில் இரண்டு தரம் வைத்தேன். தலையைத் தூக்காமலே, "இந்த அம்மாளை எத்தனை தடவை ஓய் கொல்லுவீர்?" என்றீர். கூடமே சிரித்தது.

வேலைக்குச் சேர்ந்த எட்டாம் மாதம் ஒரு காலையில் அந்தப் பளபளப்பு எனக்கும் தனியாக வந்து நின்றது. ஏன் என்று கேட்டால் தெரியாது. ஆனாலும் சந்தேகம் வந்தால் கண்ணாடியை இடப்பக்கம் உம்மிடம் தள்ளிவிடுவேன்.

இன்று ஹனூர் விவசாயி ஒருவர் வந்து நின்றார். "ஏனுங்க, புழுவுக்குப் போடற மல்பெரி எலை முத்திப் போச்சுங்க. இன்னிக்கு முட்டை கெடைக்கலீன்னா இந்த வெள்ளாமையே போச்சுங்க." அவசரத்துக்கு அவருக்குக் கொடுக்க வேண்டிய முட்டைகளின் தாய்கள் எல்லோரையும் சேர்த்தே நசுக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்றே ஒன்று, அந்தப் பளபளப்போடு. பழக்க தோஷம், கண்ணாடியை இடப்பக்கம் தள்ளினேன். வாங்க ஆளில்லை. விழுந்து நொறுங்கியது. இன்னொரு சொட்டு எடுக்கலாமென்றால் நசுக்கிய கல்லையும் அதற்குள் கழுவிவிட்டார்கள்.

கொடுத்தால் அவர் புழுக்களோடு பக்கத்து வீட்டார் புழுக்களும் சாகும். கொடுக்காவிட்டால் அவர் உழைப்பு வீண். கெட்ட தாய் எவள் என்று பிரிக்க வழியில்லை, மொத்தத்தையும் எரித்தேன்.

"ஒன்னே ஒன்னைப் பாத்துப்போட்டு எரிச்சுட்டீங்களே!" என்று போய்விட்டார். அதிகாரியோ, மைக்ராஸ்கோப்பில் தலைப்பாகை இடிக்க மூடிய கண்ணால் பார்க்கிறாரே அதே புண்ணியவான், "நோய்க்கு என்ன அடையாளம் கண்டீர்? நாளை எழுதிக் கொடும்" என்கிறார்.

மூன்று காகிதம் கிழித்தாயிற்று. எதை எழுதினாலும் கொழுப்புக்கும் பொருந்துகிறது. நீர் எனக்கு ஒரு கண்ணைக் கொடுத்தீர், அதற்கு வாய் வைக்காமல் போய்விட்டீர். அந்த மனிதர் வெறுங்கையோடு படியிறங்கிப் போனது கண்ணிலேயே நிற்கிறது. இருந்தும், அதே முட்டைகளை நாளை என் முன்னால் வைத்தாலும் எரிப்பேன். நான் பார்த்தேன் ஓய்!