கச்சான் விற்ற மைதானம்

மொன்றியல்
செப்டம்பர் 2004

அன்பின் சிவமலர்,

நீயும் பிள்ளையும் சுகம்தானே? நான் நல்ல சுகம். பேஸ்பால் மைதானத்தில் இன்னும் கச்சான் கடலைதான் விற்கிறேன். தேறிய ஆட்டக்காரரை எல்லாம் வேறு டீம்களுக்கு விற்றுவிட்டுப் புதுப் பொடியன்களை இறக்கியிருக்கிறார்கள். அவர்கள் தேறும்வரை காத்திருக்கச் சனம் தயாரில்லை. கதிரைகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

கேட்க ஆளில்லை என்ற துணிவில் நேற்று, “கச்சான், கச்சான்” என்று நம்மூர் மாதிரியே கூவினேன்.

“தம்பி, இஞ்சையும் ஒரு சரை தாங்கோ.”

தூரத்துக் கதிரை வரிசையில் குப்பை கூட்டிக்கொண்டிருந்த நம்மூர் யோகம்மா. கடதாசிச் சரையைப் பிரித்து, பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். கோதுகளை அவரே மடியில் சேர்த்துக்கொண்டார்.

“டீம் வேற ஊருக்குப் போகுதாம். இந்த மாதத்தோட எங்களுக்கும் வேலையில்லை,” என்றார்.

நீ யோசிக்காதே, வேறு வேலை கிடைக்கும். பிள்ளையின் குரலை ஒரு கசட்டில் பதிந்து அனுப்பு. பாட்டு, தேவாரம் ஒன்றும் வேண்டாம். அப்பா என்று என்னைக் கூப்பிட்டால் போதும்.

பஸ் வருகிறது.

தவராசா