கவர் மாறிப்போன ஆம்ப்ரோஸ்

பொம்மனஹள்ளி, பெங்களூரு
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கேரல் எழுதுவது. இயேசுவுக்கே புகழ். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் மதர் அவர்களுக்கும் என் வணக்கம். மதர், என் கடிதங்களில் இரண்டு இடத்தில் அக்காவைத் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஊரில் இருக்கும் அக்காவுக்குத் தபால் போடுகிறவள் பொம்மனஹள்ளியில் நான் ஒருத்திதான். போஸ்ட் ஆபீஸ் பெண் கேட்டாள்: "ஏம்மா, அக்காகிட்ட போன் இல்லியா?" அடைபட்ட இடம், போன் கிடையாது, கம்பிக்குப் பின்னால்தான் பேச்சு, அதுவும் வருஷத்துக்கு நாலு தடவை என்றேன். "அய்யோ பாவம், என்னா கேஸு?" என்றாள். கன்னியர் மடம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாப்பிள்ளை ஆம்ப்ரோஸுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி, தடவைக்கு நாலு மணி நேரம். கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் முந்நூறு தையல் மெஷினை ஓட்டிக் காட்டிய மெக்கானிக், இப்போது ஒரு மெஷினுக்குக் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். ஆரம்பத்தில் நர்ஸிடம், "சிஸ்டர், பம்ப்ல பேரிங் போச்சு, சத்தம் கேக்கல?" என்று சண்டை போடுவார். இப்போது அதுவும் இல்லை. குறை சொல்லாத ஆம்ப்ரோஸை இருபத்தெட்டு வருஷத்தில் நான் பார்த்ததே கிடையாது. அதுதான் பயமாக இருக்கிறது.

போன வாரம் சொன்னார்: "கல்லறத் திருநாள் பூசைல அம்மாவுக்கு வேண்டிக்கினு வந்துர்றேன். அத்தோட மெஷின் வேணாம், கேரல். எனக்கு ரெஸ்ட் வேணும்." நிறுத்தினால் இரண்டு வாரம் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். கருகிப்போனது. அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

கல்லறைத் திருநாள் நவம்பர் 2. அதுவரைக்கும்தான் நேரம். ஜெபம் உன் வேலை. உன் வேலையைச் செய்.

உன் தங்கை,
கேரல்


மடம், ஹெசரகட்டா சாலை
15 அக்டோபர் 2024

இயேசு மரி சூசை துணை

கிறிஸ்துவுக்குள் அன்பார்ந்த சகோதரிக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் இல்லத்தில் தங்குவதாக. உன் மடல் கண்டேன். துன்பம் நம்மைத் தேடி வரும்போது அதைப் புன்னகையோடு வரவேற்க வேண்டும். சிலுவையைப் புன்னகையோடு சுமப்பவர்க்கு அது இலேசாகும். நோயாளியும் புன்னகையோடு இருக்கட்டும். அவரைச் சார்ந்தோரும் புன்னகையை இழக்க வேண்டாம். நம்பிக்கை ஒருபோதும் நம்மைக் கைவிடாது.

அவர் பெயரை உங்கள் பங்குக் கோயிலில் நோயாளிகளுக்கான மன்றாட்டில் சேர்த்துவிடு. மரித்தோருக்காகவும் மறவாமல் பெயர் கொடு.

இங்கே பதிமூன்று பேரும் நலம். நற்கருணை அப்பம் சுடும் இயந்திரம் சூடு அதிகமாகி ஓரங்கள் சிவந்து வருகின்றன. அதற்காகவும் வேண்டிக்கொள்.

இயேசுவில் உன் சகோதரி,
சிஸ்டர் மரிய ஆரோக்கியம்


பொம்மனஹள்ளி
20 அக்டோபர் 2024

அக்கா,

உன் கடிதம் வந்தது. பதினான்கு வரி, அதில் நாலு புன்னகை. எண்ணினேன்.

அந்தப் புன்னகை எந்தக் கடையில் கிடைக்கிறது என்று எழுதியிருக்கலாம். சில்க் போர்டு சிக்னலில் ஆட்டோவுக்குள் முக்கால் மணி நேரம், அவர் வாந்தி எடுத்தால் பிடிக்க மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, முன்னால் டிரைவர் போனில் ஷேர் மார்க்கெட் பேசிக்கொண்டு வருகிறான். நீ வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து புன்னகை செய்து காட்டு. நானும் கற்றுக்கொள்கிறேன்.

நீ மடத்துக்குப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவின் இருமலையும் அம்மாவின் சர்க்கரையையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். எனக்குச் சிஸ்டர் எழுத வேண்டாம், அக்கா எழுது.

மதர், இதுதான் நான் சொன்ன திட்டு. இரண்டாவது இடமும் இதிலேயே வந்துவிட்டது.

இருந்தாலும் நீ சொன்னதைச் செய்துவிட்டேன். கோயில் ஆபீஸில் கவர் கொடுத்தார்கள். மஞ்சள் கவர் நோயாளிக்கு, வெள்ளைக் கவர் ஆத்துமாக்களுக்கு. இவர் பெயருக்கு ஒன்று, செத்துப்போன என் மாமியார் பெயருக்கு ஒன்று என்று இரண்டு சீட்டு எழுதி, இரண்டு கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். ஒரு பக்கம் குக்கர் விசில், ஒரு பக்கம் இவருக்கு மாத்திரை. எல்லாம் ஒரே நேரத்தில்.

நீ எழுதும்வரை இனி நான் எழுதமாட்டேன்.

கேரல்


டயாலிசிஸ் சென்டர், வெளியே போட்டிருக்கும் நாற்காலி
4 நவம்பர் 2024, திங்கள்

அக்கா,

நீ எழுதவில்லை. நானும் எழுதமாட்டேன் என்று சொன்னவள்தான். ஆனால் இதைச் சொல்லாவிட்டால் என் வயிறு வெடித்துவிடும். மேலே எந்த இடம் என்று போட்டிருக்கிறேன் பார். இவர் உள்ளே இருக்கிறார்! முதலில் இதை நீ தெரிந்துகொள்.

சனிக்கிழமை காலை கல்லறைத் திருநாள் பூசை. இவர் முகத்தில் மாஸ்க், தலையில் குல்லா, பதினெட்டு கிலோ இளைத்த உடம்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. புதிதாக வந்திருக்கும் சின்னச் சாமியாருக்கு எங்கள் பங்கில் உயிரோடு இருப்பவர் யார், போனவர் யார் என்று தெரியாது. சீட்டில் இருப்பதை அழகாக வாசிக்கிறார்.

"நோயுற்றிருக்கும் ஞானப்பூ அம்மாள் பூரண சுகம் பெற்று விரைவில் வீடு திரும்ப வேண்டுமென்று..."

என் மாமியார் போய் ஒன்பது வருஷம் ஆகிறது! கோயிலே சேர்ந்து, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அந்த அம்மாள் வீடு திரும்பினால் முதலில் என் சமையலறை அலமாரியைத்தான் திறந்து பார்ப்பார். ஆண்டவரே, இந்த ஒன்றை மட்டும் கேட்காதேயும் என்று நான் அவசரமாக ஒரு ஜெபம் போட்டேன். அப்போதுதான் உறைத்தது. சீட்டைக் கவர் மாற்றிப் போட்டிருக்கிறேன். அப்படியானால் வெள்ளைக் கவரில்?

"நம்மை விட்டுப் பிரிந்த ஆம்ப்ரோஸ் ஆன்மா..."

"நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும் ஆண்டவரே" என்று முந்நூறு பேர். பாடகர் குழுவில் மோனிகா, "அய்யோ, எப்போ?" என்று கத்தியே விட்டாள். நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். இவர் எழுந்தார். மாஸ்கைக் கழற்றினார்.

"ஃபாதர், நான் இன்னும் போவல. இங்கதான் கீறேன்."

சின்னச் சாமியார் கையிலிருந்து பேப்பர் பறந்தது. பிறகு யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், கோயில் முழுக்கச் சிரிப்பு. ஆத்துமாக்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அதோடு விட்டதா? இவர் பெயரைக் கேட்டதுமே பூசை பாதியில் வெளியே போன ஒரு புண்ணியவான், ஆம்ப்ரோஸ் காலமானார் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து காபி போடுவதற்குள் எதிர்வீட்டு ஹரிஷ் வந்து நின்றார். பைக் நிறுத்தும் இடத்துக்காக இவரோடு இரண்டு வருஷமாகப் பேசாதவர். தீபாவளிச் சட்டை, கையில் ரோஜா மாலை, கண்ணெல்லாம் சிவப்பு. கதவைத் திறந்தது இவர்தான்.

"ஏனு சார் இது!" என்று ஹரிஷ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் நிஜமாக அழுதார். "ஒரு வார்த்தை பேசாம அனுப்பிட்டேனேன்னு நினைச்சுட்டேன், சார்." இவர் அவருக்குக் காபி கொடுத்து, மாலையை வாங்கி அவர் பைக்குக்கே போட்டுவிட்டு வந்தார்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது, நான் கேட்காமல் அவராகவே சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"கோயில்ல அத்தினி பேரும் எனக்கு இளைப்பாற்றி கேட்டாங்கல்ல? அதத்தான் நான் ஒரு வருஷமா கேட்டுனு இருந்தேன். அவுங்க கேக்கறப்போ பயந்துட்டேன், கேரல். இப்ப வேணாம், ஆண்டவரே, இப்ப வேணாம்னு உள்ளேர்ந்து வந்துச்சு. எனக்கு ஜெபம்னு வந்தது அது ஒண்ணுதான்."

இன்று காலை எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். ஊசி ஏற்றியதும் நர்ஸிடம் பேரிங் கதையை ஆரம்பித்துவிட்டார். நான் வெளியே வந்து சிரித்துக்கொண்டே அழுதேன். செக்யூரிட்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நோய் போய்விடவில்லை. புதன்கிழமை மறுபடி வரவேண்டும். ஆனாலும் எனக்கு சந்தோஷமாக இருக்கிறது, அக்கா. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

கேரல்


மடம்
12 நவம்பர் 2024

கேரல்,

நான் ஏன் பதில் எழுதவில்லை என்று சொல்கிறேன். ஜெபம் கேட்டு வரும் எல்லாருக்கும் முப்பது வருஷமாக அந்தப் பதினான்கு வரியைத்தான் எழுதுகிறேன். விலாசத்தை மட்டும் மாற்றுவேன். உனக்கும் அதையே அனுப்பிவிட்டேன். நீ புன்னகையை எண்ணியபோதுதான் எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. மன்னித்துவிடு.

அதற்கப்புறம் கோயிலில் போய் உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை. சண்டைதான் வந்தது. "எல்லாத்தையும் அவ தலையிலதான் கட்டிட்டு வந்தேன். இன்னும் எத்தனைதான் வைப்பீரு?" என்று தினம் கேட்டேன். ரெண்டாம் தேதி எங்கள் பூசையில் இளைப்பாற்றி பாடும்போது, மாப்பிள்ளை நினைவு வந்து நான் வாயைத் திறக்கவே இல்லை. மதர் பார்த்துவிட்டார். தண்டனையாக அப்ப இயந்திரத்தைத் தேய்க்கச் சொன்னார். ஒரு மணி நேரம் தேய்த்தேன்.

உன் கடிதத்தை மதரே எங்கள் பொழுதுபோக்கு நேரத்தில் சத்தமாகப் படித்தார். உன் மாமியார் வீடு திரும்பும் இடத்தில் அவரால் மேலே படிக்க முடியவில்லை. எண்பத்திரண்டு வயது சிஸ்டர் ஒருவருக்குப் புரையேறி முதுகைத் தட்டினோம். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மதர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு எத்தனை மணிக்கு ஊசி ஏற்றுகிறார்கள் என்று சரியாக எழுது. பதிமூன்று பேரும் முறை போட்டிருக்கிறோம். அந்த நாலு மணி நேரமும் யாராவது ஒருத்தி கோயிலில் இருப்போம். புதன்கிழமை என் முறை. நான் சொந்தமாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர் சொன்னதையேதான் சொல்லப்போகிறேன்: இப்ப வேணாம், ஆண்டவரே, இப்ப வேணாம்.

அக்கா