கரக்பூரிலிருந்து இருக்கும் தலைசுற்றல்

என் அருமை அப்பா,

நலமா என்று கேட்க வழியில்லாத கடிதம் இது. அதனால் உங்களுக்கு வேண்டிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். நேற்றுக்கூட கரியாஹாட் மார்க்கெட் வரை நடந்துபோய், முருங்கைக்காய் முற்றல் என்று கடைக்காரரிடம் பெங்காலியில் வாதாடி, ஜெயித்து, வாங்காமல் திரும்பி வந்தாள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. அவள் இதயத்துக்கு அதுதான் தாளம் போடுகிறது. அதை வாங்கிக் கொடுத்தது நீங்கள். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆன பிறகு.

எப்படி என்று சொல்கிறேன். சொல்லும்போது என் புத்திசாலித்தனத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரயில்வே மெடிக்கல் கார்டை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். நாம் எல்லோரும் குற்றவாளிகளைப் போல நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தக் குடும்பப் படம், அதன் மூலையில் என் காதை மறைக்கும் வட்ட முத்திரை. சளிக்கும் சுளுக்குக்கும் ஒரே சிவப்பு மிக்சர் கொடுக்கும் குடியரசின் பாஸ்போர்ட் என்பேன். நீங்கள் கோபித்ததில்லை. சிவப்பு இல்லை, ரோஸ் என்று திருத்துவீர்கள்.

அது குடியரசுதான், அப்பா. இப்போது கேலியில்லாமல் சொல்கிறேன். அங்கே வைத்தியத்துக்குப் பணம் கொடுப்பவர் ஒரே ஒருவர். கேட் கீப்பரின் மனைவிக்கும் ஆபீசரின் அம்மாவுக்கும் அவரே. பிறந்ததிலிருந்து நானும் அதன் குடிமகனாக இருந்தேன். வேலை கிடைத்ததும், இனி நான் உங்களை நம்பி இல்லை என்று சொல்லி நாடு கடத்தினார்கள். சால்ட் லேக்கில், கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த செக்டர் ஃபைவில் அகதியானேன். அங்கே கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு பளபளவென்று இருந்தது. குடும்பப் படம் கேட்கவில்லை. அதுவே முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் குடியரசில் குறையே இல்லை என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். கண்புரைக்குத் தேதி கிடைக்காமல் நான்கு மாதம் ஒற்றைக் கண்ணால் பேப்பர் படித்தீர்கள். அரசியல் பாதிதான் தெரிகிறது, நிம்மதியாக இருக்கிறது என்றீர்கள். எழுதிக்கொடுத்த மாத்திரை இல்லையென்றால் அதன் தம்பியைக் கொடுப்பார்கள். காலை ஆறு மணிக்கே கவுண்டரில் வைத்தியக் குறிப்புப் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, பதினோரு மணி வரை மரபெஞ்சில் உட்கார வேண்டும். இந்த டாக்டர் வேண்டாம், அந்த டாக்டர் வேண்டும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

தெருவே அண்ணன் என்று கூப்பிடும் கீழ்வீட்டு மித்ரா-தா, கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தினமும் டீயும் கையுமாக இதைச் சொல்லித்தான் உங்களிடம் சண்டைக்கு வருவார். எல்லோருக்கும் ஒரே பை என்றால் பை கிழிந்துவிடும், சும்மா கிடைக்கிறது என்று கூட்டம் வரும் என்பார். வரட்டுமே, ஆசைப்பட்டு யாரும் ஊசி போட்டுக்கொள்ள வரமாட்டார்கள் என்பீர்கள் நீங்கள். நான் அறைக்குள்ளிருந்து மித்ரா-தா பக்கம் ஓட்டுப் போடுவேன்.

நீங்கள் போன பிறகு, அம்மாவை அந்த மரபெஞ்சில் இனி உட்கார வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். கம்பெனி அப்போதுதான் பெற்றோர்களைத் தன் பாலிசியிலிருந்து இறக்கிவிட்டிருந்தது. அதனால் அம்மாவுக்குத் தனியாக ஒன்று வாங்கினேன். ஏஜெண்ட் ரொம்ப மரியாதையானவர். படிவத்தில் பக்கம் பக்கமாகக் கேள்விகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடலாம் சார், அதுதான் வழக்கம் என்றார். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, தலைசுற்றல் இல்லை, மூட்டுவலி இல்லை. படித்துப் பார்த்தால் அம்மாவுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

பூஜை விடுமுறை முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள், கரண்டியை அடுப்பு மேடையில் ஒழுங்காக வைத்துவிட்டு, அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்தால் விழிக்கிறாள், மறுபடி மயங்குகிறாள். காரில் போட்டுக்கொண்டு, பாலிசிப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் படம் போட்டிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஒரு பியானோ. அது தானாகவே வாசித்துக்கொண்டிருந்தது.

டாக்டர்களைக் குறை சொல்லமாட்டேன். உடனே பார்த்தார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நாற்பதைத் தொடவில்லை, பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும், தள்ளிப்போட முடியாது, எந்த நேரமும் நின்றுவிடலாம் என்றார்கள். அதுவரை சரி. அடுத்து இன்சூரன்ஸ் டெஸ்கிலிருந்து கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து கட்டிலருகே குனிந்து, இந்தத் தலைசுற்றல் எப்போதிலிருந்து மாசிமா என்று கேட்டாள். சொந்தச் சித்தியைக் கேட்பதுபோல, குரலில் அவ்வளவு இனிப்பு.

அம்மா யார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களோடு ஊர் ஊராக மாற்றலாகிப் போன ரயில்வேக்காரர் மனைவி. நமக்கு மாற்றல் வருவதுபோல டாக்டர்களுக்கும் வரும். ஒவ்வொரு புது டாக்டருக்கும் ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். அதனால் அவள் நோய்களுக்குத் தேதி கிடையாது, ஊர்தான் உண்டு. மலேரியா சக்ரதர்பூர். வாயு ஆத்ரா. முதுகுவலி பாலாசோர், வாடகை வீட்டில் ஒன்று, குவார்ட்டர்ஸில் ஒன்று. எவ்வளவு பழைய சரித்திரம் சொல்கிறாளோ அவ்வளவு அக்கறையாக ரயில்வே டாக்டர் எழுதிக்கொள்வார். அதுதான் அவள் கண்ட உலகம்.

ஆக, மயக்கம் கொஞ்சம் தெளிந்திருந்த அந்த நேரத்தில், அம்மா பெருமையாக, தெளிவான பெங்காலியில் சொன்னாள்: "தலைசுத்தலா? அது கரக்பூர்ல இருந்தப்பவே உண்டும்மா. இவன் அப்போ ரெண்டாம் கிளாஸ்."

இவன் என்று என்னைக் காட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், என் வழுக்கையைப் பார்த்தாள், மனசுக்குள் கழித்துப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள்.

இரண்டரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. நோய் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறது, விண்ணப்பத்தில் மறைக்கப்பட்டிருக்கிறது, அனுமதி இல்லை. சட்டப்படி சரிதான். மறைத்தவன் நான், உண்மையைச் சொன்னவள் அம்மா. தண்டனை மட்டும் அவளுக்கு. முன்பணம் கட்டினால் உள்ளே எடுப்போம் என்றார்கள். எவ்வளவு என்று கேட்டேன். அவர்கள் சொன்னதைக் கேட்டு பியானோ பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள் படிப்பு, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். யாரிடம் கேட்பது என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா கையிலிருந்த ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே சொன்னாள்.

"அப்பா கார்டு அலமாரியில, பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு. உன் பெண்டாட்டிகிட்ட அதை எடுத்துட்டு நேரா அங்க வரச் சொல்லு. நம்ம ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நம்ம ஆஸ்பத்திரி. இத்தனை வருடத்தில் அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தை நம்ம என்று யாராவது சொல்லியிருப்பார்களா, அப்பா?

ஆம்புலன்ஸில் போனோம். ரயில்வே ஆஸ்பத்திரி வாசலில், என் மனைவி கொண்டுவந்த கார்டை நீட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, கார்டுக்காரர் எங்கே என்று கேட்டார். இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றேன். இரண்டு வருடமாகக் கார்டை மாற்றாமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று, பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே மணியடித்து ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டார். "ஆகே ரூகி, பொரே காகொஜ்" என்றார். முதலில் நோயாளி, காகிதம் அப்புறம். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல திட்டு நான் வாங்கியதில்லை.

ஒரு மணி நேரத்தில் கழுத்து வழியாகத் தற்காலிகமாக ஒரு கம்பி விட்டு, துடிப்பைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். பிறகு டாக்டர், சின்னப் பெண், சுஸ்மிதா என்று பெயர், பேனாவோடு வந்து எப்போதிலிருந்து என்று கேட்டாள். நான் அம்மாவின் கையை அழுத்தினேன். அவள் அதைத் தட்டிவிட்டுக் கரக்பூரிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் முழுதும் கேட்டாள். நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள். அப்போது விரதம் இருப்பீர்களா, ரத்தம் குறைவு என்று யாராவது சொன்னார்களா. ஆமாம், இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது என்றாள் அம்மா. அது வேறு, இது வேறு என்றாள் டாக்டர். இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் பாதையில் பழுது, இப்போது வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இதை விளக்கிப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் கருத்தை மிகவும் மதிப்பதாகப் பதில் வந்தது.

கணக்கில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கரை நிரந்தரமாக வைக்கும் வசதி இங்கே இல்லை, வெளி ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரி திங்கட்கிழமைதான் வருவார். சனி, ஞாயிறு இரண்டு நாள் அம்மா கழுத்தில் கம்பியோடு, அசையாமல், பன்னிரண்டு பேர் படுத்திருந்த வார்டில் கிடந்தாள். அந்தக் கம்பி நழுவினால் என்ன ஆகும் என்று நான் டாக்டரிடம் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். அந்த இரண்டு நாளை நான் உங்கள் குடியரசுக்கு இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு பேனாவுக்காக ஒரு இதயம் காத்திருக்கக் கூடாது, அப்பா. இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்காகக் கம்பெனிக்காரனிடம் போவாயா என்றும் கேட்பீர்கள்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. எந்த ஆஸ்பத்திரிக்கு என்று பிரித்துப் பார்த்தேன். அதே கண்ணாடிக் கட்டிடம். அதே பியானோ. அதே கோட்டுப் போட்ட பெண், ரயில்வே முத்திரையைப் பார்த்ததும், வாங்க மாசிமா என்றாள். எப்போதிலிருந்து என்று இந்தத் தடவை கேட்கவில்லை. அம்மாதான் விடாமல் சொன்னாள். மறுநாள் மதியம் எல்லாம் முடிந்தது. கட்டிடம் மாறவில்லை, டாக்டர் மாறவில்லை, நோயாளியும் மாறவில்லை. பணம் கொடுப்பவர் மட்டும் மாறியிருந்தார். நீங்களும் மித்ரா-தாவும் எத்தனையோ காலை டீயில் பேசித் தீராத விஷயத்தை எனக்குப் புரியவைக்க அது போதுமானதாக இருந்தது.

மித்ரா-தா பார்க்க வந்தார். கையில் சந்தேஷ் இனிப்பு டப்பா. உங்களோடு விட்ட இடத்திலிருந்து, அண்ணி என்ற உரிமையில், அம்மாவோடு தொடர்ந்தார். சும்மா கிடைத்தது என்று நினைக்காதீர்கள் பௌதி, இதற்கு யார் கொடுத்தது என்றார். ரயில்வே என்றாள் அம்மா. ரயில்வேக்கு யார் கொடுத்தது, நஷ்டம் வந்தால் யார் தலையில் என்று கேட்டுவிட்டு, அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே நம் வீட்டில் பத்து வருடமாக வேலை செய்யும் மாலதி-தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சோப்பு வாங்கினால் அவரும் வரி கட்டுகிறார், அவர் காசில்தான் உங்களுக்கு வைத்தியம், இது என்ன நியாயம் என்றார். வாதத்தில் ஜெயித்துவிட்ட முகத்தோடு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அம்மா அதை வாதமாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலதி-திக்குப் பித்தப்பையில் கல். மாநில அரசு கொடுத்த கார்டு அவரிடம் இருக்கிறது. ஆனால் அதை எடுத்து நீட்டியதும் படுக்கை காலியில்லை என்று சொல்லி இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வலி வந்தால் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டு, மறுபடி தேய்ப்பார். நாம் எல்லோரும் பார்த்ததுதான்.

"மித்ரா-தா சொல்றது நிஜமா?" என்று அம்மா கேட்டாள்.

நிஜம்தான் என்றேன்.

"அப்போ இதுல அவ காசும் இருக்கு." தோளைத் தொட்டுக் காட்டினாள். "நீ லீவு போட்டு அவகூடப் போ. எனக்காக அவ்வளவு தூரம் அலைஞ்சியே, அவளுக்கு ஒரு நாள் அலைய மாட்டியா?"

வரும் வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக மத்தியானங்களில் அம்மா மாலதி-தியை உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறாள். வலி எங்கே ஆரம்பித்தது, எப்போது, என்ன சாப்பிட்டபோது. மாலதி-திக்கு மாற்றல் ஆனதில்லை. பெரிய மகள் கல்யாணம், வீட்டுக்குள் தண்ணீர் வந்த வருடம், கணவர் போன வருடம், இப்படித்தான் அவர் சொல்கிறார். கொஞ்சம் சுருக்கலாமா என்று கேட்டேன். எதையும் விடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

நன்றி என்று உங்களிடம் நேரில் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. நம் வீட்டில் அந்த வழக்கமும் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு வாக்கு தருகிறேன். வியாழக்கிழமை எந்தப் படிவம் வந்தாலும் இருப்பதை இருக்கிறது என்றே எழுதுவேன். படுக்கை இல்லை என்றால், கிடைக்கும் வரை மாலதி-தியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

எப்போதும் உங்கள் மகன்,
சேது