உன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

அன்பு மகள் நாத்தேர்சியாவுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருப்பதாகப் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள், நானும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறேன். லக்சம்பர்க்கில் நீயும் உன் ஆபரேஷன் செய்த வயிறும் சுகந்தானா, படி ஏறினால் இன்னும் பிடித்து இழுக்கிறதா, ஒளிக்காமல் எழுது. போனில் கேட்கலாம்தான், ஆனால் போனை எடுத்தால் எனக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வருவதில்லை, நீயும் அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிடுகிறாய், நான் சூப்பில் உப்பு குறைவு என்று எதையாவது சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

திராட்சை பூத்து முடிந்தது. இந்த வருஷம் ஈரம் அதிகம், இலையில் பூஞ்சை வராமல் இரண்டு முறை மருந்து அடித்தேன், கிழக்குப் பந்தலில் கம்பி தொய்ந்துவிட்டது, அதையும் கட்டினேன். பக்கத்து வீட்டு ஒலிம்பியா கீரைச் சூப்பும் சோள ரொட்டியும் கொண்டுவந்து வைக்கிறாள், சாப்பிடுகிறேன், சட்டி காலியாகிறது, ருசி மட்டும் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும், தொட்டால் யாருடைய கன்னமோ என்று தோன்றுமே, பிப்ரவரியில் உன் அம்மா துணி காயப்போட்ட இடத்திலேயே விழுந்த நாளிலிருந்து நான் முழுக்க அப்படித்தான் இருக்கிறேன். அடக்கத்தில் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊர் பேசியது உன் காதுக்கும் வந்திருக்கும். அவர்கள் சொன்னது பொய்யில்லை. வரட்டும் என்று பார்த்தேன், வரவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கே ஈஸ்டர் முடிந்துதான் தெரியும். ஒலிம்பியா பூசை விட்டு வரும்போது என்னை மடக்கி, பெலார்மினு அண்ணே, உங்க எர்மெலிந்தா பொண்ணுக்காக நேந்துக்கிட்டது இன்னும் அப்படியே நிக்குது, நான் எத்தனை நாள்தான் மனசுக்குள்ளேயே வெச்சுக்கிறது என்றாள். போன அக்டோபரில் உன்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனபோது உன் அம்மா விமானத்துக்குப் பயந்து அங்கே வராமல் இருந்தாளே, அவள் சும்மா இருக்கவில்லை. ஒலிம்பியாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அமராந்தேவுக்குப் போய்ப் புனித கொன்சாலோவின் முன்னால் முழங்காலில் நின்று, பிள்ளை பிழைத்து எழுந்தால் பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்று நேர்ந்திருக்கிறாள். ஜூன் திருவிழாவில் செலுத்துவதாக நினைப்பு. நீ எழுந்துவிட்டாய், அவள் ஜூன் வரை இருக்கவில்லை. நேர்ந்தவர் போய்விட்டால் வீட்டில் மிஞ்சியவர் செலுத்த வேண்டும், இல்லையென்றால் ஆத்மா உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் வாசலில் நிற்கும் என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஆனால் பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு முட்டையைக்கூட மறுநாளே திருப்பிக் கொடுத்தவள் உன் அம்மா, அவளை வாசலில் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே திருவிழாச் சனிக்கிழமை ஒலிம்பியாவோடு பஸ் ஏறினேன். வயதானவர்களுக்கு ஜோடி சேர்த்து வைக்கிற புனிதர் ஆயிற்றே அவர், நாங்கள் இரண்டு பேரும் கறுப்பு உடையில் போய் உட்கார்ந்ததும் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, என்ன பெரியவரே, வரம் கேக்கப் போறீங்களா, இல்ல கையோட கூட்டிட்டே போறீங்களா என்றான். பஸ்ஸே சிரித்தது. ஒலிம்பியா விடவில்லை, இவரை வெச்சு மேய்க்கிறதவிட நான் ஒரு கழுதை வாங்கிக்குவேன், அதுவாவது பதில் பேசும் என்றாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, நானும் பல்லைக் காட்டினேன். அமராந்தேயில் பாலம் முழுக்கக் கூட்டம், தாமெகா ஆற்றில் தண்ணீர் தளும்ப ஓடியது, பெரிய பறைகளை முதுகு வளைய அடித்துக்கொண்டு போனார்கள். நீ சின்ன வயதில் அந்தச் சத்தத்தில் வயிறு குலுங்குகிறது என்று என் சட்டையைப் பிடித்துக்கொள்வாய். பறைக்காரன் என் பக்கத்திலேயே நின்று அடித்தான். எனக்கு எதுவும் குலுங்கவில்லை.

கோயிலில் படுத்திருக்கும் கல் புனிதரைத் தொட வரிசை நின்றது. உனக்குத் தெரியும், தலைவலிக்காரன் தலையைத் தொடுவான், மூட்டு வலிக்காரி காலைத் தடவுவாள், தொட்டுத் தொட்டு அவருக்கு மூக்கும் முழியும் தேய்ந்தே போய்விட்டது. என் முறை வந்தது. கையைத் தூக்கிவிட்டேன், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் நின்றவள் முதலில் பொறுத்தாள், பிறகு, ஐயா, உங்களுக்கு எங்க வலிக்குதோ அங்க தொட்டுட்டு நகருங்க, எனக்கு இடுப்பு போகுது என்றாள். எங்கேயும் வலிக்கலம்மா என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்ப குடுத்து வெச்சவருதான், வழிய விடுங்க என்றாள். தொடாமலே வெளியே வந்துவிட்டேன்.

மெழுகுக் கடையில்தான் சிக்கல் வந்தது. கடைக்காரி நீளத் திரியை மேசையில் கிடத்திக் கத்தியை வைத்துக்கொண்டு, ஆள் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். ஒலிம்பியா என்னைப் பார்த்தாள், நான் ஒலிம்பியாவைப் பார்த்தேன். உன் அம்மா இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். ஏறக்குறைய ஒரு அளவு சொல்லுங்களேன் என்று கடைக்காரி அவசரப்படுத்த, ஒலிம்பியா அவளிடம், நேர்ச்சையில ஏறக்குறையன்னு ஒண்ணு உண்டாம்மா, புனிதர் என்ன சந்தை வியாபாரியா என்று சண்டைக்குப் போனாள். அப்போது என் கை தானாக எழுந்தது மகளே. தாடைக்குக் கீழே, கழுத்து எலும்பும் தோளும் சேர்கிற இந்த இடத்தில் வந்து நின்றது. அடக்கம் முடிந்து நீ திரும்பிப் போன அன்று போர்ட்டோ விமான நிலையத்தில் உன் உச்சந்தலையை இங்கேதான் முட்டி அழுதாய். நான் பந்தல் கால் மாதிரி நின்றேன், கையை எடுத்து உன் முதுகில் வைக்கக்கூடத் தோன்றவில்லை, எனக்கு எதுவும் உறைக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இந்த இடத்துக்கு உறைத்திருக்கிறது. கடைக்காரி தரையிலிருந்து என் கை வரை நாடா பிடித்து அளந்தாள், திரியை அறுத்தாள், காகிதமும் சுற்றிவிட்டாள். கையை எடுங்க பெரியவரே, அளந்தாச்சு என்றாள். எனக்குக் கை இறங்கவில்லை. ஒலிம்பியாதான் மெல்லப் பிடித்து இறக்கிவிட்டாள்.

மெழுகுதிரியைத் தோளில் சாய்த்துக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி கூட்டத்துக்குள் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். பாதி எரிகிற வரை பக்கத்தில் நின்றேன். அழுகை வந்ததா என்று கேட்காதே, வரவில்லை. அந்த இடம் மட்டும் அன்றிலிருந்து வலிக்கிறது. வலி நல்லதுதான் என்று ஒலிம்பியா சொல்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

கனமான பையைத் தூக்காதே. இரவில் சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் படு. உன் அம்மா அங்கேயிருந்தும் நான் இங்கேயிருந்தும் உன்னை ஆசீர்வதிக்கிறோம், கடவுள் உன்னைக் கைவிடமாட்டார். மறக்காமல் ஒன்று மட்டும் பதில் எழுது. அன்று விமான நிலையத்தில் நீ போட்டிருந்தது குதி உயர்ந்த செருப்பா, தட்டைச் செருப்பா? உயர்ந்தது என்றால் கொஞ்சம் கூடுதலாகச் செலுத்திவிட்டோம், புனிதரே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நீ அழுதுகொண்டு குனிந்து நின்றாய் என்றும் எனக்கு ஒரு நினைப்பு. அப்படியானால் மெழுகுதிரி குட்டை, நேர்ச்சை இன்னும் தீரவில்லை. திராட்சை அறுப்புக்கு வா, மிச்சத்தைச் சேர்ந்து போய்ச் செலுத்துவோம். இந்த முறை நிமிர்ந்து நில். கையை எங்கே வைப்பது என்று எனக்கு இப்போது தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெலார்மினு