கோமளவேணி ரசிகர் குழுவில் ஒரு ஜெர்மன்காரர்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். செஞ்சிக் கோட்டைப் பாறை விடிய விடியச் சூட்டைக் கக்குகிறது, ஃபேன் அதை வாங்கி நம் தலையிலேயே கொட்டுகிறது. கரண்ட் இரண்டு தடவை போனது. கடை ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலினை ஐஸ் பெட்டிக்கு மாற்றி, திரும்ப ஃப்ரிட்ஜுக்கு, திரும்ப ஐஸ் பெட்டிக்கு. முதலாளிக்கு இன்வெர்ட்டர் வாங்க மட்டும் மனசு வராது.

செய்ய வேண்டியவை: இருமல் டானிக் ஆர்டர். காலாவதி மருந்தைத் தனியாக எடுத்து வைக்க. நைனாவுக்குச் செருப்பு. குழுவில் எலிசபெத் டீச்சரும் மாரிமுத்துவும் இன்று பேச வேண்டும்.

எலிசபெத் டீச்சரும் நான்தான். மாரிமுத்துவும் நான்தான். வேறு யாராவது இதைப் படித்தால் பைத்தியம் என்பார்கள். கோமளவேணி ரசிகர் குழுவில் நாற்பது சொச்சம் பேர். நிஜத்தில் மூன்றே பேர். மெடிக்கலில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற நான், கடலைக்காய் மண்டி ஸ்ரீபால் அண்ணன், சிங்கவரம் டவுன் பஸ் கண்டக்டர் குமரேசன். மற்றதெல்லாம் ஃபேக் ஐடி. நாங்களே உண்டாக்கி, நாங்களே பேசி, நாங்களே லைக் போட்டு.

எல்லாம் ஒரு ஆளுக்காக. குழுவில் வாயே திறக்காத அந்த நாலாவது நிஜ ஆள், சாட்சாத் கோமளவேணி அம்மா. ஒரு காலத்தில் சினிமாவில் சில பாட்டு. படங்கள் ஓடவில்லை, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது சிங்கவரத்தில் தனியாக. போன ஐப்பசி மழையில் கடைக்கு வந்தார், வீட்டுக்காரர் தவறிப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டார், அதுவும் நிறைய. எதிர்க் கடையிலும் கேட்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தக் குரலும் தெரிந்த குரல். எங்கள் அம்மா இருந்தவரை வீட்டில் அந்த கேசட் தேயத் தேய ஓடும்.

"நீங்க பாடுனவங்க இல்ல?"

"அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்குது."

"இன்னாம்மா இப்படி சொல்றீங்க, உங்களுக்கு ஒரு குரூப்பே இருக்குது!"

வாயில் வந்த பொய். அன்று சாயங்காலமே குழு தொடங்கியாயிற்று.

இன்று மதியம் சேரக் கேட்டு ஒருவர். பெயர் மத்தியாஸ். ஜெர்மனி. ஸ்ரீ. அண்ணன் வேலையாக இருக்கும் என்று போன் போட்டால், "நான் இல்லம்மா. எனக்கு ஜெர்மனி எங்க இருக்குதுன்னே தெரியாது." குமரேசனும் இல்லையாம்.

அப்படியென்றால் நிஜ ஆள். சந்தோஷப்பட வேண்டும். படவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு அவலூர்பேட்டைப் பக்கம் போய்விட்டது.

சேர்த்துவிட்டேன். கோ. அம்மா பார்த்துக்கொண்டிருப்பார், கதவைச் சாத்த முடியுமா? மத்தியாஸ் தன்னைப் பற்றி எழுதியிருந்தார். மெஷின் மொழிபெயர்த்த தமிழ், சட்டை பட்டன் எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிற தமிழ்.

"மதிப்பிற்குரிய இசை நண்பர்களே. நான் டிராம் வண்டி ஓட்டுகிறேன். பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி நிறைய கேசட்டுகள் வாங்கினேன். அதில் இந்த அம்மையாரின் குரல் இருந்தது. மொழி எனக்குப் புரியவில்லை. ஆனால் என் தாயார் இறந்த குளிர்காலத்தில் இந்தக் குரல் மட்டும் என் சமையலறையில் இருந்தது."

கடையில் வைத்து இரண்டு தடவை படித்தேன். எங்கள் வீட்டிலும் அதே குரல்தான், அதே சமையலறைதான்.

எங்கள் குழுவில் புதிதாக யார் வந்தாலும் "சாப்டீங்களா" என்று கேட்டு, அன்றைக்குத் தான் சாப்பிட்டதையும் கேட்ட பாட்டையும் சொல்லி வரவேற்பது வழக்கம். இதுவரை வந்தவர்கள் எல்லாம் நாங்களே என்பதால் ஜோராக நடந்திருக்கிறது. இன்றும் விடவில்லை. எலிசபெத் டீச்சர் தயிர் சாதம். மாரிமுத்து கறிக்குழம்பு. குமரேசனின் ஆட்கள் ஆறேழு பேர் பரோட்டா. ஸ்ரீ. அண்ணன் ஆட்கள் ஒரு படையே வந்தது.

மனுஷர் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக நன்றி எழுதினார். ஒருத்தரை விடவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி வேறு. டீச்சர் என்ன பாடம் எடுக்கிறார், மாரிமுத்துவுக்கு எத்தனை மாடு.

மாரிமுத்துவுக்கு மாடு உண்டென்று எப்போது எழுதினேன்? தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

நேற்று எழுதவில்லை. மாட்டுக்கும் டீச்சருக்கும் பதில் எழுதவே நேரம் சரியாக இருந்தது.

இன்று குண்டு விழுந்தது. மத்தியாஸ் குழுவில் போட்டது:

"ஒரு அழகிய பழக்கத்தைக் கவனித்தேன். உறுப்பினர்கள் பாஷா, செல்வராஜ், அந்தோணி, பேச்சியம்மாள், இன்னும் பலர், எல்லோரும் சூரியன் மறைவதற்கு முன்பே உண்டுவிடுகிறார்கள். கிழங்கு உண்பதில்லை. இது அம்மையாரின் ரசிகர்களுக்கான விரதமா? நானும் கடைப்பிடிக்க விரும்புகிறேன். ஆனால் இந்த மாதம் எங்கள் ஊரில் சூரியன் இரவு ஒன்பதரைக்குத்தான் மறைகிறது. அதற்குச் சற்று முன் உண்டால் போதுமா?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்ரீ. அண்ணன் வீடு ஜைனர் வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், கிழங்கு அடுப்பங்கரைக்குள்ளேயே வராது. தான் சாப்பிட்டதையே எல்லார் பெயரிலும் எழுதித் தொலைத்திருக்கிறார். அதில் பாஷா பிரியாணிக்கடைக்காரர்!

மண்டிக்கு ஓடினேன். மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, பிரியாணிக்கடைக்காரரு எப்படிண்ணா ஆறு மணிக்கு அவரைக்கா பொரியல் சாப்ட்டுட்டு வாய் கொப்புளிப்பாரு?"

"பொய்யா சாப்டதா எழுத வரலம்மா எனக்கு. பேரு பொய், ஊரு பொய், சோறாவது நெசமா இருக்கட்டும்னுதான்."

என்ன சொல்ல இந்த மனுஷரை. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. திரும்பி வரும்போது சிரிப்பு போய்விட்டது. அந்தக் கேள்வியை கோ. அம்மாவும் படித்திருக்கிறார். கீழே "பார்த்தவர்" வரிசையில் அவர் பெயர்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். தலைவலி. எங்கள் கடை மாத்திரையே வேலை செய்யவில்லை.

மத்தியாஸ் இன்று: "வரும் ஞாயிறு எல்லா உறுப்பினர்களும் வீடியோவில் முகம் காட்டி, அம்மையாருக்காக அவருடைய ஒரு பாடலைச் சேர்ந்து பாடலாமா? அவர் மௌனமாக நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அறிகிறேன். நான் பயிற்சி செய்து வருகிறேன்."

நாற்பது முகத்துக்கு எங்கே போவேன்?

பஸ் ஸ்டாண்டில் டிரிப்புக்கு நடுவே குமரேசனைப் பிடித்தேன். டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டே, "அக்கா, இது வேலைக்கு ஆவாது. இன்னிக்கி வீடியோன்றான். நாளைக்கி கோட்டையப் பாக்க வந்துட்டேன், ஆளுங்கள கூப்புடுன்னு செஞ்சியிலயே வந்து நின்னா இன்னா பண்ணுவ? எடுத்துடு அவன."

ஸ்ரீ. அண்ணனுக்குப் போன் போட்டேன். "வேணாம்மா, பாவம்மா. வூட்டுக்கு வந்தவன வெளிய தள்ளுவாங்களா?"

"அப்ப ஞாயித்துக்கெழம நாப்பது பேர நீங்க இட்டுனு வாங்கண்ணா."

மூட்டை எண்ண வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து எடுத்துவிட்டேன். ஒரு அமுக்கு. கேள்வி, மாடு, விரதம், வீடியோ எல்லாம் போயிற்று. "மத்தியாஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்." அந்த வரியை மட்டும் அழிக்க முடியவில்லை. எலிசபெத் டீச்சர் பெயரில், பாஷா பெயரில், எல்லார் பெயரிலும் படபடவென்று ஏதேதோ போட்டு அதை மேலே தள்ளினேன்.

கை கழுவினேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

சனிக்கிழமை என்றால் காலை டிரிப்பில் கோ. அம்மா வருவார். பிரஷர் மாத்திரை வாங்குவார், ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு டீ. இன்று வரவில்லை.

மதியம் குமரேசனைக் கேட்டேன். "ஸ்டாப்பிங்ல இல்லக்கா. ஹாரன் கூட அடிச்சேன்."

அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இரண்டாவது தடவை ஸ்விட்ச் ஆஃப். குழுவையும் நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு திறக்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டார். நீக்கிய வரியைப் பார்த்து, பாஷாவின் அவரைக்காயைப் பார்த்து, கணக்குப் போட்டுவிட்டார். உலகத்தில் தன்னை யாருக்கும் ஞாபகமில்லை என்று இப்போது அவருக்குத் தெரியும். ஐப்பசியில் எந்த இடத்தில் நின்றாரோ அதே இடத்துக்கு நானே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். எதிர்க் கடைக்குப் போய், "சிங்கவரத்தம்மா வந்தாங்களா, எதாவது கேட்டாங்களா?" வரவில்லையாம். நிம்மதியா? இல்லை. திண்டிவனத்தில் கடைகளா இல்லை.

சிங்கவரம் போக முதலாளியிடம் பர்மிஷன் கேட்டேன். ஸ்டாக் வருகிற நாளில் எங்கே போகிறாய் என்று கத்தினார். போகவில்லை. ஏன் போகவில்லை? பயந்துதான் போகவில்லை. வேறு காரணம் எழுதினால் பொய்.

நைனா சாப்பிடக் கூப்பிட்டார். "இன்னா மூஞ்சு இது, பேயறைஞ்ச மாதிரி?" செருப்பு வாங்க மறந்தே போனேன்.

ஜூன் 15, ஞாயிறு

விடிந்ததும் சைக்கிள். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியவில்லை. கடலைக்கொல்லைகளில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தால் யாரைக் கூப்பிடுவது? அது ஒன்றே மனசில். சாமியெல்லாம் கும்பிட்டேன், கும்பிடாத சாமியையும்.

கதவு திறந்திருந்தது. கோ. அம்மா அடுப்பங்கரையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"பிரஷர் மாத்திரை இன்னும் இருக்குது. அதுக்கா சைக்கிள் மெதிச்சினு வந்த?"

தலையாட்டினேன், ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தார். கீரையை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த ஜெர்மன்காரப் புள்ள எங்க?"

"அவரு... போயிட்டாரும்மா."

"போனானா, அனுப்புனியா?"

நான் கீரைக்காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தேன்.

"ஏன் ஜெயந்தி அப்படி செஞ்ச? பிரியாணிக்கடைக்காரரு பொழுது சாயறதுக்குள்ள சாப்டுட்டு கெழங்கு தொடமாட்டேன்றாரு. எத்தினி வருசமா இந்தப் பக்கம் இருக்கறேன், ஜைனர் வூட்டு சாப்பாடு எனக்குத் தெரியாதா? கண்டக்டர் புள்ள எந்தப் பேர்ல பேசுனாலும் பஸ் எடுக்கற நேரத்துல எல்லாரும் ஒண்ணா காணாம பூடறாங்க."

"எப்பத்துலேருந்தும்மா தெரியும்?"

"மொத மாசமே."

"ஏம்மா சொல்லல?"

"மூணு பேரு எனக்காக இவ்ளோ மெனக்கெடறீங்களேன்னு இருந்துட்டேன். சாயங்காலமானா எடுத்துப் பாப்பேன், சிரிப்பேன். ஆனா இவன் நெசம். எம்மூஞ்சக் கூட பாக்காதவன், அவங்கம்மா செத்தப்ப என் பாட்டக் கேட்டுனு இருந்துருக்கான். அந்த ஒருத்தனப் போயி தள்ளிட்டியே."

போனை ஆன் பண்ணி என் கையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பாடிப் பதிவு செய்தது. அவனுக்காகவாம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. பலதடவை பாடி, கடைசியாகத் தேறியது இது ஒன்றுதான். அனுப்பலாம் என்று திறந்தால் ஆள் நீக்கப்பட்டார் என்று இருந்ததாம். அதற்குமேல் போனைப் பார்க்கவே பிடிக்காமல் அணைத்துப் போட்டுவிட்டாராம்.

கேட்டேன். முதல் வரியில் குரல் உடைந்து, மூச்சு வாங்கி, நின்றே போகிறது. இரண்டாவது வரியில் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் குரல். கீரைக்காம்பு நடுவே உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலை என்று இருந்திருக்கும்.

"அவனுக்கு எழுது. எல்லாத்தையும் எழுது," என்றார்.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

நேற்றே ஃபேக் ஐடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். பாஷாவை மட்டும் கடைசியாக எடுக்கச் சொன்னார் ஸ்ரீ. அண்ணன். குழுவில் இப்போது நாலு பேர். மத்தியாஸுக்குத் தனியாக எழுதினேன். நாற்பது பேர் இல்லை, மூன்று பேர்தான். விரதம் இல்லை. நாங்கள் ஏன் செய்தோம். உங்களை ஏன் நீக்கினேன். அம்மா உங்களுக்காகப் பாடி வைத்திருக்கிறார். திரும்ப வாருங்கள். மெஷின் அதை ஜெர்மனில் என்ன செய்ததோ. மன்னிப்பு என்பதை மட்டும் இரண்டு முறை போட்டேன்.

காலையில் பார்த்தேன், படிக்கவில்லை. மதியம், படிக்கவில்லை. என்னை பிளாக் பண்ணியிருப்பாரோ? பண்ணினால் தப்பு சொல்ல முடியாது. வாங்க வாங்க என்று நாற்பது பேர் சோறு விசாரித்துவிட்டு, நாலே நாளில் ஒரு வார்த்தை சொல்லாமல் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்?

மதிய டிரிப்பில் கோ. அம்மா வந்துவிட்டார். குமரேசன் முன் சீட் கொடுத்துக் கூட்டி வந்தானாம், வழியெல்லாம் முகத்தைப் பார்க்காமல். ஸ்டூலில் உட்கார்ந்தார், போன் மடியில். டீயைக் குடிக்கவில்லை, ஏடு கட்டிவிட்டது.

ஐந்தரைக்கு ஸ்ரீ. அண்ணன் மண்டியைப் பூட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கி ஒரு நாளு நானும் இருக்கட்டுமாம்மா?"

"போயி சாப்டுங்க. பொழுது சாயப்போவுது," என்றார் கோ. அம்மா. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

விளக்கு போட்டாயிற்று. குமரேசன் வாசலில் வந்து நின்றான், சிங்கவரத்துக்கு இதுதான் கடைசி டிரிப் என்று. நான் இன்னொரு தடவை பார்த்தேன். படிக்கவில்லை.

"கெளம்புங்கம்மா. பஸ் பூடும்."

கோ. அம்மா எழுந்திருக்கவில்லை.

"அவன் ஊர்ல பொழுது சாய இன்னும் நேரம் கெடக்குது இல்ல? இருக்கறேன்."