ஒரே ஒரு ஆல்பம்

ஃபுர்ன் எல் ஷப்பாக், பெய்ரூத்
11 மார்ச் 2018, ஞாயிறு மதியம்

அன்புள்ள நுஹாதுக்கு,

நீ, ரீம், குழந்தை மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல். ரீம் அனுப்பிய படத்தில் பேத்தியின் நெற்றி அப்படியே உன்னுடையது. மூக்கு என் பக்கத்திலிருந்து வராமல் போனதற்குக் குடும்பமே சந்தோஷப்படலாம்.

இங்கே குளிர் விட்டுவிட்டது. மாடித் தொட்டியில் மிதவை மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டு ஒதெத் அக்கா, நீ ஊரில் இல்லை என்பதை மறந்து, மலையிலிருந்து இரண்டு கூடை நாரத்தம்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டாள். நானே ஜாம் கிளறிப் பார்த்தேன். இருபத்தாறு வருஷமாக இனிப்புக் கடை நடத்துகிறவனுக்கு உன் பாகுப் பதம் பிடிபடவில்லை. பாத்திரத்தையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

ஒதெத் அக்கா நாளை மொன்றியலுக்கு மகனிடம் போகிறாள். இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை பொட்டலத்தைப் பிரிக்காதே.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரீமிடம் கொடுத்துவிடுகிறாய். போன வாரம் அவளிடம் ஏன் என்று கேட்டேன். “அம்மாவுக்கு உங்ககிட்டப் பேசவே கூசுதாம்ப்பா. என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க,” என்றாள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு என்னால் கடையில் நிற்க முடியவில்லை. கூசவேண்டியது நீயல்ல, நுஹாத்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். உன் படங்களை உன் அண்ணன் ஃபுவாதிடம் காட்டியது ஷோகிக் அல்ல. நான்.

எழுதிவிட்டேன். இனி மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். பாதியில் கிழித்துவிடாதே.

உன் ஜாம் புட்டிகளுக்கு லேபிள் படம் எடுக்க வேண்டும் என்று புர்ஜ் ஹம்மூதில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அந்த ஆர்மீனியப் பெண் ஷோகிக்கிடம் முதலில் போனாயே, அன்றைக்கே நான் கிண்டல் செய்தேன். “ஜாமைத்தான் தின்னப்போறாங்க, கிளறுனவ மூஞ்சிய எவன் பாக்கப்போறான்?” என்றேன். மூன்று வாரம் கழித்து அந்தப் படம் வந்தது. பாகு ஒட்டிய முன்கை, பின்னால் தள்ளிவிட்ட முடி, எதையோ ருசி பார்த்துக்கொண்டிருக்கும் முகம். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் நீ புதன்கிழமைகளில் அங்கே போனாய். லேபிள் வேலை இன்னும் முடியவில்லை என்றாய். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அக்டோபரில் மோட்டார் பம்ப்பின் ரசீதைத் தேடி அலமாரியின் மேல்தட்டைக் குடைந்தபோதுதான் துணியில் சுற்றிய அந்த ஆல்பம் கிடைத்தது.

அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். நான் எழுதவேண்டியது, நான் எதைப் பார்த்தேன் என்பதை. உள்சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். தோளில் வெயில் விழுந்திருந்தது. ஐம்பத்தொன்பது வயது உடம்பை நீ எங்கும் மறைத்திருக்கவில்லை. அதற்காகத்தான் எனக்குக் கோபம் வந்தது என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஒரு படத்தில் நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாய், கடைவாய்ப்பல் தெரிய. அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்தேன். எண்ணிக்கை வரவில்லை. இவளை இப்படிச் சிரிக்கவைத்தது எவன் என்று மட்டும்தான் புத்தி போயிற்று.

“யாருக்குடி இது?” என்று உன்னைக் கேட்டேன். நீ, “எனக்கு,” என்றாய். அந்த ஒரு வார்த்தையை நான் நம்பவில்லை. “எரிச்சிடறேன்,” என்று சொல்லி ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். எரிக்கவில்லை. மறுநாள் காரில் ஸஹ்லேவுக்குப் போய் ஃபுவாதின் மேஜைமேல் வைத்து, “ஒன் தங்கச்சியப் பாரு,” என்றேன். அவர் இரண்டு பக்கம் புரட்டி மூடிவிட்டார். நான் நினைத்தால் அவர் கையை அப்போதே தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அவர் முகம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் துணை கிடைத்துவிட்டது என்று உட்கார்ந்திருந்தேன். யார் காட்டியது என்று எங்கேயும் சொல்லவேண்டாம் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் உன்னைப் போனில் கூப்பிட்டுப் பேசியபோது நான் உன் எதிரில்தான் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். “இந்த வயசுல ஒனக்கு இது தேவையா? அம்மா இருந்திருந்தா நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பா,” என்று அவர் கத்தியது எனக்கும் கேட்டது. நீ போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். “அண்ணனுக்கு எப்படித் தெரியும்? ஆல்பத்தத்தான் நீ எரிச்சிட்டியே,” என்றாய். நான் ஆப்பிளை நறுக்கிக்கொண்டே இருந்தேன். நீயே பதிலைத் தேடிக்கொண்டாய். “அவகிட்ட இருந்துதான் வெளிய போயிருக்கு.” நான் இல்லை என்று சொல்லவில்லை. “நான்தான் அப்பவே சொன்னேனே,” என்றேன். நுஹாத், அவளை நம்பாதே என்று நான் அதற்கு முன்னால் ஒரு தடவைகூடச் சொன்னது கிடையாது.

நீ ஷோகிக்கின் ஸ்டூடியோவுக்குப் போய்க் கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருக்கும்போதே கத்திவிட்டு வந்தாய். தேவாலய மாதர் சங்கத்திலும் அவளை நம்பாதீர்கள் என்று சொல்லிவைத்தாய். நீ யாரையும் சத்தம் போட்டுப் பேசாதவள் என்பதால் எல்லோரும் உடனே நம்பினார்கள். மொன்றியலுக்கு ரீமிடம் புறப்படும் அன்று, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, “என்ன மன்னிச்சிடு வதீஹ், ஒன் தலைய குனிய வச்சிட்டேன்,” என்றாய். “சரி விடு, போனது போகட்டும்,” என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னேன். விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் வாழ்நாளில் நான் செய்த கேவலங்களில் அந்தப் பெருமைக்கு ஈடாக வேறொன்று இல்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

கடையின் புதுப் பெட்டிகளுக்கும் இணையப் பக்கத்துக்கும் படம் எடுக்கக் கடைக் கூட்டாளி அந்த்வான் ஓர் ஆளைப் பேசி வைத்திருந்தான். யாரென்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வந்து நின்றது ஷோகிக். நான் அந்த்வானை உள்ளே இழுத்துக்கொண்டு போய், இவள் வேண்டாம் என்றேன். “பங்காளி, ஊர்ப் பொம்பளைங்க பேச்சையெல்லாம் கடைக்குள்ள கொண்டு வராத. இவள மாதிரி எடுக்க ஆள் கிடையாது,” என்று போய்விட்டான்.

முதல் நாள் அவள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அடுப்புப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, க்னாஃபே தின்றுகொண்டு, ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டாள், ஊர் கேட்டாள். பாகு காய்ச்சும் ஜமீல், தனக்கு இடது கண் கொஞ்சம் சாய்வு, அதனால் கல்யாணப் படத்தில்கூடத் திரும்பிக்கொண்டுதான் நின்றதாக அவளிடம் சொன்னானாம். பதினாறு வருஷமாக என்னிடம் சொல்லாததை அரை நாளில் அவளிடம் சொல்லிவிட்டான். இரண்டாம் நாள் அவள் அவனை எடுத்தாள். கேமராவின் பின்பக்கத்தில் அவனுக்கு மட்டும் காட்டி, “இது வேணுமா, வேணாமா? நீ வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்,” என்றாள். அவன் வேண்டும் என்றான். நேராகப் பார்க்கும் படம் அது. வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

அப்போதுதான், உன்னையும் அவள் இப்படித்தான் எடுத்திருப்பாள் என்று எனக்கு உறைத்தது. உன்னைச் சிரிக்கவைக்க எவனும் வரவில்லை. உன்னை அவசரப்படுத்த அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் என் முறை. ஆட்கள் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டாள். நான் உட்கார்ந்தேன். “கொஞ்சம் நிமிருங்க, அபு ரீம்,” என்றாள். ரீமின் அப்பா என்றுதான் அவளும் என்னைக் கூப்பிடுகிறாள். நிமிர்ந்தேன். அவள் கேமராவைத் தூக்கியதும் என் தலை தானாகக் கீழே போயிற்று. அவள் கேமராவை மடியில் வைத்துவிட்டு, “அவசரமில்ல. காப்பி குடிங்க,” என்றாள். குடித்தேன். மறுபடி தூக்கினாள். மறுபடியும் அதேதான். மூன்றாம் தடவை அவள் கேமராவை மூடியே போட்டுவிட்டாள்.

“நான் எந்தப் பொண்ணுக்கும் ஒரே ஒரு ஆல்பம்தான் அச்சடிப்பேன். அத அவங்க கையில குடுத்ததும் எங்கிட்ட இருக்கறத அவங்க எதிர்லயே அழிச்சிடுவேன்,” என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது, நுஹாத். நீ அங்கே போய்க் கத்திய அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸஹ்லே, ஃபுவாத், ஆப்பிள், விமான நிலையம் எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் என்னைச் சமாதானப்படுத்துவாள் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது போல. அவள் அப்படிச் செய்யவில்லை.

“நாலு மாசமா ஒரு கல்யாணப் பொண்ணுகூட எங்கிட்ட வரல. எங்கம்மாவே ‘நீ என்னடி பண்ணித் தொலச்ச?’ன்னு கேட்டாங்க,” என்றாள்.

ஏன் நுஹாதிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அவங்க உங்கள நம்பி, உங்களோட இருக்கணும்னு நெனச்சுத்தான எங்கிட்டக் கத்திட்டுப் போனாங்க? நான் வாயத் திறந்தா அதுவும் போயிடும். என் பேரக் காப்பாத்திக்க அவங்க வீட்ட இடிக்கணுமா? ஆனா நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். இவ்வளவு நாள் ஆகும்னு நெனக்கல.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். “அவங்க என்னத் திட்டினது பெருசில்ல. அந்தப் படங்கள முதல்ல பார்த்தப்போ, ‘இது நானா?’ன்னு கேட்டு விரலால தொட்டுப் பாத்தாங்க. இனிமே அவங்க அப்படிப் பார்த்துக்குவாங்களா? அதத்தான் நீங்க எடுத்துட்டீங்க.”

நீ அங்கே என்னவெல்லாம் பேசினாய் என்று நான் கேட்டதற்கு மட்டும், “அத அவங்ககிட்டக் கேளுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னைப் படம் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஸஹ்லே போனேன். ஃபுவாதிடம், நுஹாத் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைத் திருடி அவர் முன்னால் வைத்த நான்தான் குற்றவாளி என்றேன். “இத அன்னிக்கே யோசிக்க மாட்டியாடா? எங்கண்ணுல ஏண்டா அதக் காட்டுன?” என்று மேஜையை ஓங்கித் தட்டினார். உன்னைக் கூப்பிட்டுப் பேச வெட்கமாக இருக்கிறதாம். நீ கூப்பிட்டால் எடுப்பாராம்.

இன்று காலை பூசை முடிந்து மாதர் சங்கத்தார் கூடத்தில் காப்பிக்குக் கூடியிருந்தபோது உள்ளே போனேன். ஷோகிக்கிடமிருந்து எதுவும் வெளியே போகவில்லை, போனது என் கையிலிருந்து, நுஹாதிடமும் நான் மறைத்தேன், தான் சொன்னதை அவள் உண்மை என்றே நம்பினாள் என்று சொன்னேன். என்ன படம், யாரிடம் போயிற்று என்பதை அங்கே சொல்லவில்லை. அது உன்னுடையது. சங்கத் தலைவி ஸல்ஃபா, “அபு ரீம், நாலு மாசமா எங்க வாயால ஒரு பொண்ணு பேரக் கெடுக்க வச்சுட்டு, நீங்க பக்லாவா வித்துக்கிட்டு இருந்தீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யாரும் எனக்குக் காப்பி தரவில்லை. ஆனால் ஸல்ஃபா என் எதிரிலேயே போனை எடுத்து அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டாள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

பொட்டலத்தில் இருப்பது உன் ஆல்பம். இத்தனை நாளும் கடையின் மாவு அறையில் பூட்டி வைத்திருந்தேன். அக்டோபரில் ஸஹ்லேவிலிருந்து திரும்பியபின் அதை நான் திறக்கவில்லை. நம்பச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை; ஆனாலும் எழுதுகிறேன். அதை வைத்துக்கொள்வதோ, கிழிப்பதோ உன் இஷ்டம். கிழிப்பதாக இருந்தால் அதற்கு முன்னால் ஒரு தடவை தனியாக உட்கார்ந்து பார்.

ஷோகிக்குக்கு இரண்டு வரி எழுது. அவள் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். என்னைப் பற்றி ரீமிடம் என்ன வேண்டுமானாலும் சொல். இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடு. அவள் அம்மாவின் மேல் அவளுக்கு ஒரு துளிச் சந்தேகமும் இருக்கக்கூடாது.

திரும்பி வா என்று எழுதப் பேனா வரவில்லை. எழுதமாட்டேன். பேத்தி நன்றாக இருக்கட்டும். யாரும் அவசரப்படுத்தாமல் அவள் வளரட்டும். அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கண் நிறையப் பார்க்கட்டும், நான் உன்னைப் பார்க்காமல் விட்ட மாதிரி அவளை ஒருவரும் விட்டுவிட வேண்டாம்.

திட்டுவதற்காகவாவது ஒரு நாள் கூப்பிடு, நுஹாத். எவ்வளவு நேரமானாலும் சரி. நான் நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

வெட்கத்தோடு,
உன் வதீஹ்